எத்திராஜோட ஃப்ளூட்டுப் பொட்டி

இப்ப நா சொல்லப்போறதுல ஒத்த வார்த்த பொய்யின்னா, நாளைக்குக் காத்தால எங்கூட்டுக் கொழாயில தண்ணியே வரக்கூடாது.

வழக்கமாவே வராது. அது வேற வெவகாரம். சத்தியம் சத்தியம்தான்.

கேளு.

"மிஸ், இந்தப் பொட்டி என்னிய ஏமாத்துது."

எத்திராஜு மாடிப்படி ஏறி வந்த வேகத்துல செருப்புல ஒண்ணத்தான் கழட்டிருந்தான். தோள்ல கிட்டாரு. கையில மஞ்சப்பை. பைக்குள்ள பொட்டி.

ஜெசிந்தா மிஸ்ஸு மொறத்துல அரிசி பொடைச்சிகினு இருந்தாங்க. தலைய தூக்கல.

"எப்படி ஏமாத்துது?"

"ஃப்ளூட்டு மேரியே கேக்குது மிஸ். ஆனா ஃப்ளூட்டு இல்ல."

"ஃப்ளூட்டு இல்லதானே? கிட்டார்தானே?"

"அத்தத்தான் மிஸ் நானும்..."

எத்திராஜு வாய மூடிகினான். இன்னா சொல்ல வந்தோம்னு அவனுக்கே மறந்து போச்சி.

மிஸ்ஸாண்ட பேசினா அப்டித்தான் ஆவும்.

பெரம்பூர்ல ஒரு வெல்டிங் கடைக்கு மேல மாடி. அங்க கீ-போர்டு கத்துத் தர்றவங்க ஜெசிந்தா மிஸ்ஸு. வயசு முப்பத தொட்ருந்தா அதிகம். எத்திராஜுக்கு அம்பது தாண்டி போச்சி. சிஷ்யன் தலையில டை, குரு தலையில ரப்பர் பேண்டு. அந்தாண்ட இந்தாண்ட எவனுக்கு வாசிக்கறதுல கோளாறு வந்தாலும் அந்தப் படியத்தான் ஏறுவான்.

ஆனா மிஸ்ஸு வாயிலேந்து வார்த்த வர்றது தண்ணி லாரி மேரி. எப்ப வரும்னு தெரியாது. வந்தா ஓடிப்போய் கொடத்த வைக்கணும்.

"பொட்டிய எடுங்கண்ணா," ன்னாங்க மிஸ்ஸு.

எத்திராஜு எட்து வச்சான். டிபன் பாக்ஸ் சைஸு. காலால மிதிக்கிற சாமான். இந்தப் பக்கம் கிட்டாரு ஒயர சொருவினா, அந்தப் பக்கம் ஸ்பீக்கர்ல ஃப்ளூட்டு வரும். மேல கீற திருகைத் திருப்புனா வயலினு வரும். இன்னும் திருப்புனா மாதாகோயில்ல பாடற கூட்டம் மொத்தமும் வரும். கூலி இல்ல, பிரியாணி இல்ல, ஆட்டோ சார்ஜு இல்ல. ஒரு ட்ரூப்பு ஓனர் சாமிகிட்ட வேண்டிக்கற வரம் எல்லாம் அதுல கீது.

"எதுக்கு வாங்கினீங்க?"

எத்திராஜு மூஞ்சி சுண்டிப் போச்சி.

"பூபாலனுக்கு மிஸ்."

பூபாலன் யாருன்னு நீ கேக்கறதுக்குள்ள நானே சொல்லிட்றேன்.

எத்திராஜு லைட் மியூசிக் ட்ரூப்புல கிட்டாரு. அதே ட்ரூப்புல பூபாலன் ஃப்ளூட்டு. வயசுப் பசங்களா இருந்தப்பலேந்து ஒரே வேன், ஒரே மேடை, ஒரே எலையில கை. சண்ட போட்டுப்பாங்க, பேசாம இருப்பாங்க, அப்பயும் பக்கத்து பக்கத்துலதான் குந்துவாங்க.

போன வருசம் பூபாலனுக்கு நுரையீரல்ல ஒரு கட்டி. அறுத்து, நுரையீரல்லயே ஒரு துண்டோட சேத்து எட்துட்டாங்க.

டாக்டரு வெளிய வந்து சொன்னாரு. "பொழச்சிட்டாரு. நடக்கலாம், சாப்டலாம், சண்ட கூட போடலாம். ஃப்ளூட்டு ஊதறத மட்டும் மறந்துடணும்."

பொழச்சிட்டாருன்ற வார்த்தையோட எத்திராஜு காது மூடிகிச்சி. கேன்டீனுக்கு ஓடி, ரெண்டு செட்டு பூரி துன்னுட்டு, கைய கழுவற எடத்துல நின்னு அழுதான். மீதிய மறுநாள்தான் கேட்டுகினான்.

ஃப்ளூட்டு போனா போவுது. ஆளு கீறானே.

அப்டித்தான் எல்லாரும் நெனச்சாங்க. பூபாலனத் தவர.

அவனுக்கு ஒரே பொண்ணு, வினோதினி. அது பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுலயே நின்னு ஒரு மெட்டு போட்டான். வாட்ச்மேனு வந்து தொரத்தற வரிக்கும் ஊதினான். அதனாலதான் அது சின்ன மெட்டு. வாட்ச்மேனு டீ குடிக்கப் போயிருந்தான்னா இன்னும் ரெண்டு லைன் கெடச்சிருக்கும்.

அந்த மெட்ட எந்த மேடையிலயும் ஊதமாட்டான். பொண்ணுக்கு ஜொரம் வந்தா ஊதுவான். பரீட்சைக்குப் போனா ஊதுவான். அவ்ளோதான்.

இப்ப அந்தப் பொண்ணுக்கு கல்யாணம். ரிசப்சன் அன்னிக்கு மண்டப வாசல்லேந்து மேடைக்கு நடந்து வர்றப்ப நைனா அத்த ஊதணும்னு சின்ன வயசுலயே பேசி வச்சிருந்துச்சி. ஆப்பரேசனுக்கு அப்பால அதுவே சொல்லிடுச்சி: "வோணாம் நைனா. நீ மொத வரிசையில குந்தினு இருந்தா அதுவே போதும்."

பொண்ணு வுட்டுடுச்சி. அப்பன் வுடல.

எத்திராஜ மட்டும் தனியா கூப்ட்டான். "நீ வாசிடா."

"வேற ஃப்ளூட்டு ஆளு இட்டாரட்டா?"

"எவனோ ஒருத்தன் வாயில பூந்து என் மெட்டு வெளிய வரணுமா? நீதான் வாசிக்கணும். ஆனா ஃப்ளூட்டாத்தான் கேக்கணும்."

"நா கிட்டாருடா!"

"அது உன் பிரச்சன."

அதுக்குத்தான் பொட்டி.

மொத வாட்டி பூபாலன் வூட்லயே வாசிச்சிக் காட்னான். பூபாலன் கண்ண மூடிகினு கேட்டான். ஒரு லைன் ஆச்சி. ரெண்டு லைன் ஆச்சி. மூஞ்சி செவந்துச்சி. கழுத்து நரம்பு பொடச்சிகிச்சி. நெஞ்சுல கைய வச்சான்.

"நிறுத்துடா டேய்! மூச்சு முட்டுது!"

அவன் வூட்டுக்காரி கரண்டியோட ஓடியாந்துச்சி.

"யோவ்! ஆஸ்பத்திரிலேந்து உசுரோட கொணாந்தவர நீ பாட்டு வாசிச்சே அனுப்பிடுவ போல கீதே!"

பூபாலன் தண்ணி குட்ச்சி, செவுத்துல சாஞ்சான்.

"சத்தம் ஃப்ளூட்டு சத்தம்தான் மச்சி. ஆனா என்னால கேக்க முடியல. வுடு. செல்போன்ல எதுனா பாட்டு போட்டுக்கலாம்."

எலையில லெக் பீஸு வரலன்னா சமையக்காரன தேடிப் புடிச்சி சட்டையப் புடிக்கிறவன் பூபாலன். அவன் வாயிலேந்து 'வுடு'ன்னு ஒரு வார்த்த வந்து எத்திராஜு கேட்டதே இல்ல.

அன்னிக்கு கேட்டான். அப்பறம் அவனுக்கு தூக்கமும் இல்ல, ஜீரணமும் இல்ல.

எல்லாத்தயும் மிஸ்ஸாண்ட கொட்டிட்டான்.

"பொட்டி டுப்ளிகேட்டு போல கீது மிஸ். மாத்திடலாமா?"

மிஸ்ஸு மொறத்த கீழ வச்சாங்க.

"வாசிங்கண்ணா."

எத்திராஜு ஒயர சொருவி வாசிச்சான். நல்லாத்தான் வாசிச்சான். கைய பத்தி யாரும் கொற சொல்ல முடியாது.

மிஸ்ஸு எந்திரிச்சி வந்தாங்க. ஒரு கையால அவன் மூக்க புட்சாங்க. இன்னொரு கையால அவன் வாயப் பொத்தினாங்க.

எத்திராஜு முழிச்சான். ஆனா வாசிச்சிகினே இருந்தான்.

கண்ணு பிதுங்கிச்சி. வாசிச்சிகினே இருந்தான்.

காதுல ரயிலு ஓடுச்சி. மெட்ட முட்ச்சிட்டுத்தான் நிறுத்துனான்.

மிஸ்ஸு கைய எட்தாங்க. எத்திராஜு மீனு மேரி வாயத் தொறந்து தொறந்து மூடினான்.

"மூச்சு விட்டீங்களா?"

"எங்க மிஸ் வுடறது! நீங்கதான் அடச்சிட்டீங்களே!"

"பாட்டு நின்னுச்சா?"

"நிக்கலியே!" எத்திராஜு நெஞ்ச நிமித்துனான். "நா யாரு!"



"நாளைக்கு வாங்க," ன்னுட்டு அரிசியாண்ட போய்ட்டாங்க.

எத்திராஜு படி எறங்கறப்பவே முடிவு கட்டிட்டான். ஓஹோ, மிஸ்ஸு நம்ம தம் எவ்ளோன்னு டெஸ்ட் பண்றாங்க. தம் புட்சி வாசிச்சாத்தான் ஃப்ளூட்டு வரும் போல.

வூட்டுக்குப் போனதும் கொடியில கெடந்த துணி க்ளிப்ப எட்து மூக்குல மாட்டிகினான். வாயில கர்ச்சீப்பு. பொட்டிய மிதிச்சி, மெட்ட வாசிக்க ஆரம்பிச்சான்.

அவன் பொண்டாட்டி எட்டிப் பாத்துச்சி.

"இன்னாய்யா, என் கொழம்பு அவ்ளோ நாத்தமா அடிக்குது?"

பதில் சொல்ல முடியல. வாயில கர்ச்சீப்பு.

மறுநாள் அதே கோலத்துல மிஸ்ஸு முன்னாடி போய் நின்னான். மூக்குல செவப்பு க்ளிப்பு.

மிஸ்ஸு பாத்தாங்க. சிரிக்க ஆரம்பிச்சாங்க. செவுத்தப் புட்சிகினு சிரிச்சாங்க. அந்த சிரிப்ப பெரம்பூரு அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. கீழ வெல்டிங்காரரு மெசின ஆஃப் பண்ணிட்டு மேல பாத்தாராம்.

"கழட்டுங்கண்ணா, கழட்டுங்க."

கழட்டுனான். மூக்கு கத்தரிக்கா மேரி ஆயிருந்துச்சி.

"மிஸ், ஒண்ணு கேட்டா சொல்லணும். இந்தப் பொட்டிக்குள்ள ஊதறது யாரு?"

"ஒருத்தர்."

"பேரு?"

"தெரியாதுண்ணா. ரொம்ப வருசம் முன்னாடி ஒரு கீ-போர்டு இருந்துச்சு. பீரோவ படுக்க வச்ச மாதிரி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழ ஒரு டேப். ஒவ்வொரு டேப்லயும் ஒரே ஒரு சுரம். கட்டைய அமுக்கினா அந்த டேப் ஓடும். நிஜமான ஒரு மனுசன் வந்து உக்காந்து, ஒவ்வொரு சுரமா ஊதிட்டுப் போயிருக்கார்."

"இதுக்குள்ள கீறது அவரா?"

"இது அந்த டேப்பு கீ-போர்டு மாதிரி மிமிக்ரி பண்ணுது."

"அப்ப அது ஃப்ளூட்டு மேரி மிமிக்ரி. இது அது மேரி மிமிக்ரி." எத்திராஜுக்கு ஒரே குஷி. "எங்க ட்ரூப்பு பாடகர் மேரியே கீதே மிஸ்!"

மிஸ்ஸு சிரிக்கல. தண்ணி லாரி வந்துடுச்சின்னு எத்திராஜுக்கு தெரிஞ்சிச்சி. வாய மூடிகினான்.

மிஸ்ஸு தன்னோட கீ-போர்டுல ஒரு கட்டைய அமுக்கினாங்க. சத்தம் வந்துச்சி. அமுக்கிகினே அவன பாத்தாங்க. சத்தம் வந்துகினே இருந்துச்சி. அவன் மூச்ச இழுத்து, வுட்டு, அடுத்தத இழுக்கறதுக்குள்ள வெரல எட்தாங்க.

"அவ்ளோதான் அந்த டேப். அதுக்கு மேல அமுக்கிட்டே இருந்தாலும் ஒண்ணும் வராது. விரல எடுத்தாத்தான் டேப் திரும்ப ஆரம்பத்துக்குப் போவும்."

"இந்தப் பொட்டில தீரலியே மிஸ்! நாளு பூரா இழுத்தாலும் இழுக்குதே!"

"ஆமா."

"அது நல்லதுதானே?"

மிஸ்ஸு குனிஞ்சி பொட்டிய பாத்தாங்க.

"என்னண்ணா, திருகு எல்லாம் கடைசியில நிக்குது?"

"முழுசா துட்டு குட்து வாங்கினது மிஸ். அரகொறையா திருப்புனா யாருக்கு நட்டம்?"

சத்தம் எவ்ளோ நேரம் நீளணும்றதுக்குண்டான திருக மிஸ்ஸு பாதிக்குக் கொறச்சாங்க. எத்திராஜு கை தன்னால போய் ஏத்திச்சி. மிஸ்ஸு கொறச்சாங்க. எத்திராஜு ஏத்துனான். மிஸ்ஸு கொறச்சிட்டு, திருகு மூடிய புடுங்கி அரிசி டப்பாக்குள்ள போட்டு மூடிட்டாங்க.

"இப்ப வாசிங்க."

வாசிச்சான். சுரம் வந்துச்சி, கொஞ்ச நேரத்துல தேஞ்சி அணைஞ்சிச்சி. அணைஞ்சதும் ஒரு சின்ன ஓட்டை.

எத்திராஜுக்கு அந்த ஓட்டையப் பாத்ததும் கை பரபரன்னுச்சி. ஒரு குட்டி சுரத்த வச்சி அடச்சான். அடுத்த ஓட்டை. ரெண்டு சுரத்த வச்சி அடச்சான். மெட்டு முடியறப்ப பாத்தா, பழசுல இருந்தத விட டபுளா சுரம் நிக்குது. மார்க்கெட்டுல கூட்டம் மேரி.

"அங்க ஏன் வாசிச்சீங்க?"

"எங்க மிஸ்?"

"ஒண்ணும் இல்லாத எடத்துல."

"ஒண்ணும் இல்லியே, அதான் வாசிச்சேன்!"

மிஸ்ஸு புரியாத மேரி பாத்தாங்க. எத்திராஜுக்கு சந்தோசம். மிஸ்ஸுக்கு தெரியாத ஒண்ணு நமக்கு தெரிஞ்சிருக்கே.

"மிஸ், உங்களுக்கு எங்க தொழிலு தெரியாது. லைட் மியூசிக்ல சத்தம் நின்னா பொணம். பாடகரு லைன மறந்தா யாரு வாசிக்கறது? கிட்டாரு. தலைவருக்கு பொன்னாட போத்தறப்ப யாரு வாசிக்கறது? கிட்டாரு. ஜெனரேட்டரு விக்குச்சின்னா, மைக்கு கீச்சுன்னுச்சின்னா, பாடகிக்கு தொண்ட கட்டிகிச்சின்னா, எல்லாத்துக்கும் கிட்டாரு. ஒரு செகண்டு கேப்பு வுட்டா கீழேந்து விசிலு வரும். ரெண்டு செகண்டு வுட்டா செருப்பு வரும். கேப்ப அடைக்கறதுக்குத்தான் மிஸ் எனக்கு இத்தினி வருசம் சோறு போட்டாங்க!"

மிஸ்ஸு முழுசா கேட்டாங்க.

"பூபாலன் அண்ணன் அந்த மெட்ட ஊதறப்போ, கேப்பு எங்க வரும்?"

எத்திராஜு யோசிச்சான். தலைய சொறிஞ்சான். டை கொஞ்சம் நகத்துல வந்துச்சி.

"தெரியாது மிஸ்."

"இத்தனை வருசம் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே."

"அவன் கேப்பு வுட்டான்னா நா அடச்சிருப்பேனே மிஸ்! எப்டி கேட்டிருக்கும்?"

சொன்னப்பறம்தான் சொன்னது அவன் காதுல விழுந்துச்சி. கிட்டார மடியிலேந்து எறக்கி வச்சான். கீழ வெல்டிங் மெசினு திரும்ப ஆரம்பிச்சிது.

"எவ்ளோ நேரம் வுடணும் மிஸ்? கரெக்டா சொல்லிடுங்க. காலால தாளம் போட்டு எண்ணிக்கறேன்."

"எனக்கு எப்படிண்ணா தெரியும்? ஊதறவர கேளுங்க."

"அவர் பேரே தெரியாதுன்னீங்களே மிஸ்!"

மிஸ்ஸு ஒல வைக்க உள்ள போய்ட்டாங்க.

ரிசப்சன் அன்னிக்கு மண்டபம் ஜேஜேன்னு கீது. எத்திராஜு மேடை ஓரத்துல, பூந்தொட்டிக்கு பின்னால பொட்டிய ஒளிச்சி வச்சிருந்தான். ஊதறவர கேளுங்கன்னா யாரக் கேக்கறது? டேப்புல ஊதிட்டு போன ஆள எந்த ஊர்ல போய் தேடறது?

செல்போன்லயும் ஒரு பாட்ட ரெடியா எட்து வச்சிருந்தான். நம்மால ஆவலன்னா அது.

மொத வரிசையில பூபாலன். சில்க் சட்டை அவன் மேல மாட்டி வச்ச மேரி தொங்குச்சி. எத்திராஜ பாத்து புருவத்த தூக்கினான். வாசிப்பியா, மாட்டியா?

எத்திராஜு தலைய ஆட்டுனான். வாசிக்கறேன்னும் இல்ல, மாட்டேன்னும் இல்ல. நடுவாண்ட ஒரு ஆட்டு.

வாசக் கதவுக்கு அந்தாண்ட பொண்ணும் மாப்ளையும் ரெடியா நிக்கறதா சைகை வந்துச்சி. கதவு இன்னும் தொறக்கல. ட்ரூப்பு பாட்ட நிறுத்துச்சி.

எத்திராஜு பொட்டிய மிதிச்சான்.

மொத லைனு. ஃப்ளூட்டு மண்டபத்துல எழுந்துச்சி. திரும்பிப் பேசிகினு இருந்தவங்க முன்னால பாத்தாங்க. எத்திராஜு பழைய மேரியே போனான், சுரத்துக்கு அப்பால சுரம், செங்கலு அடுக்கற மேரி.

பூபாலன் மூஞ்சி செவக்க ஆரம்பிச்சிது.

எத்திராஜு பாத்துட்டான். அய்யயோ, பொண்ணு கல்யாணத்தன்னிக்கே இவன முட்ச்சிடுவேன் போல கீதே. நிறுத்திடலாமா? செல்போன எடுக்கலாமா?

அப்பதான் அவன் பூபாலன் முட்டிய பாத்தான்.

முட்டி மேல வெரலுங்க ஆடுது. இல்லாத ஃப்ளூட்டோட ஓட்டைய ஒவ்வொண்ணா மூடுது, தொறக்குது. ஒதடு குவிஞ்சி கீது. தோளு ரெண்டும் மேல ஏறி, மூச்சு வுட எடம் இல்லாம அங்கயே மாட்டிகினு நிக்குது.

எத்திராஜு கம்பிலேந்து வெரல எட்தான்.

மண்டபத்துல சத்தம் நின்னுச்சி.

பின்னால டிரம்ஸ்காரன் பழக்கதோசத்துல குச்சிய தூக்கினான். எத்திராஜு திரும்பி ஒரு மொற மொறச்சான். குச்சி அந்தரத்துல நின்னுச்சி.

எங்கயோ ஐஸ்க்ரீம் ஸ்பூனு கீழ விழுந்துச்சி. ஒரு கொழந்த சிணுங்குச்சி. விசிலு வரல. செருப்பும் வரல.

பூபாலன் தோளு எறங்குச்சி. மெதுவா மறுபடி ஏறுச்சி. ஒதடு குவிஞ்சிது.

எத்திராஜு வாசிச்சான்.

தோளு எறங்கற வரிக்கும் வாசிச்சான். ஏறுச்சின்னா வெரல எட்தான். முன்ன ஒரு லைன ஒரே தம்முல ஊதுன ஆளு. இப்ப ஒரு லைனுக்கு மூணு எடத்துல நிக்கறான். எத்திராஜும் மூணு எடத்துல நின்னான். மெட்டு நடக்கப் பழகற கொழந்த மேரி நின்னு நின்னு வந்துச்சி. வாட்ச்மேனு தொரத்துன மெட்டு. இன்னிக்கு அதுக்கு அவசரமே இல்ல.

நடுவுல பூபாலனுக்கு ஒரு இருமலு வந்துச்சி. எத்திராஜு காத்துகினு இருந்தான். பூபாலன் கர்ச்சீப்பால வாயத் தொடச்சி, மடிச்சி, பாக்கெட்ல வச்சி, ஒதட்ட நேராக்கற வரிக்கும் அவசரமில்லாம காத்துகினு இருந்தான்.

மூஞ்சில செவப்பு எறங்கிடுச்சி. நெஞ்சுக்குப் போவ கெளம்புன கை பாதி வழியில திரும்பி, முட்டிக்கே வந்துடுச்சி.

கடைசி சுரம். பூபாலன் தோளு எறங்குச்சி, எறங்குச்சி, இன்னும் எறங்குச்சி, நின்னுச்சி.

சுரமும் நின்னுச்சி.

அதுக்கப்பறம்தான் எத்திராஜுக்கு தெரிஞ்சிச்சி, தானும் அந்த மொத்த மெட்டுலயும் மூச்சு வுட்டுகினு வாங்கிகினு இருந்திருக்கோம்னு. சட்ட காலர தளத்திகினு ஸ்டூல்ல சாஞ்சான். எந்தக் கனமும் இல்ல. கிட்டாரே லேசா இருந்துச்சி.

யாரும் கைதட்டறதுக்குள்ள வாசக் கதவு படார்னு தொறந்துச்சி.

வினோதினி. பட்டுப்பொடவைய ரெண்டு கையாலயும் தூக்கிப் புட்சிகினு ஓடி வருது. மாப்ள மாலையோட அங்கயே நிக்கறாரு. அத்தைக்காரிங்க பின்னாலயே ஓடி வர்றாளுங்க. வீடியோகாரன் லைட்ட எங்க காட்றதுன்னு தெரியாம கூரைக்குக் காட்றான்.

நேரா மொத வரிசைக்கி வந்துச்சி. அப்பன் முன்னால நின்னுச்சி. இடுப்புல கைய வச்சிகிச்சி. கண்ணு பூரா தண்ணி, வாய் பூரா கோவம்.

"நைனா! டாக்டரு இன்னா சொன்னாரு? ஊதக்கூடாதுன்னாரா இல்லியா?"

பூபாலன் மேடைய பாத்தான்.

எத்திராஜு ஃபேன பாத்துகினு இருந்தான்.

பூபாலன் பொறங்கையால ஒதட்டத் தொடச்சிகினான்.

"ஒரே ஒரு வாட்டிம்மா. இனிமே ஊதல."

அவ்ளோதான் கதை. எந்திரிக்காத, எந்திரிக்காத. இன்னா, கைதட்டிட்டு நைசா நழுவலாம்னு பாக்கறியா? உன் கைதட்ட எண்ணையில போட்டா பொரியுமா? எதுர்ல பாய் கட தொறந்துதான் கீது. ஆளுக்கொரு பரோட்டா எனக்கு சொல்லு, சால்னா கெட்டியா. கேட்டவன் எத்தினி பேருன்னு நா கண்ணாலயே பாத்து வச்சிருக்கேன், ஒரு பரோட்டா கொறஞ்சாலும் எவன் குடுக்கலன்னு எனக்குத் தெரியும்.